பூட்டினது ஆரு?

“மச்சான், ராத்தாட லெப்டொப்பத் தாங்க.”

மசூர் மச்சான் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. தலை நிமிரவில்லை. குசினிக்குள் உம்மாவின் கரண்டி சட்டியில் விழுந்த சத்தம் கேட்டது.

இந்த வீட்டில் மச்சானிடம் எதையும் கேட்கலாம். மீன் வாங்கி வரச் சொல்லலாம். தண்ணி மோட்டரைப் பார்க்கச் சொல்லலாம். அந்த லெப்டொப்பை மட்டும் கேட்கக் கூடாது. ராத்தா மௌத்தாகி, அவளுக்குக் கத்தம் ஓத வந்த சனம் கலைந்து போகும்போதே உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னா. “அதப் பத்தி மட்டும் வாயத் திறக்காத புள்ள. மானம் போகும். மச்சான் கோவிச்சிட்டுப் புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவாரு.”

நான் திறக்கவில்லை. இன்று காலை வரைக்கும்.

“எதுக்கு?” என்றார் மச்சான்.

“திறந்து பாக்க.”

“அது திறக்காது.”

“அதுக்குத்தானே மச்சான் நான் கெம்பஸில படிச்சன். தாங்க.”

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். கை கழுவினார். ராத்தாவின் அறைக்குள் போய் அலுமாரிக்கு மேலிருந்து கறுப்புப் பையை இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேலே தூசி. ஆரும் துடைக்கவில்லை.

“சார்ஜர் இல்ல. கடையில உட்டுட்டு வந்திட்டன்.”

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் வாசல் கடப்பைத் தாண்டிப் போனது. அவர் கணக்குப் படிப்பிக்கிறவர். ‘மசூர் சேர்’ என்றால் சாய்ந்தமருதிலும் தெரியும், அவர் பிறந்த சம்மாந்துறையிலும் தெரியும். சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சத்தம் போடாத மனிதர் நல்லவர் என்றுதான் ஊர் கணக்கு வைத்திருக்கிறது.

உம்மா குசினி வாசலில் நின்றா.

“கேட்டுட்டியா?”

“கேட்டாச்சு.”

“இண்டைக்கா கேக்கணும்? இண்டைக்கு அஸர் முடிய நான் போகணுமே புள்ள.”

“அதாலதான் இண்டைக்கு.”

உம்மா ஊற்றித் தந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. சுட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

*

என் ராத்தா ஸம்றா டெங்குக் காய்ச்சலில் போனாள். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவள், திரும்பி வரும்போது மையத்தாக வந்தாள். அவளுடைய மகள் ஸைனா இன்னும் உம்மாவின் முந்தானையில்தான் தூங்குகிறாள். வாப்பா சுனாமியில் கடலோடு போனவர், எனக்கு முகம் ஞாபகமில்லை. உம்மா இடியப்பம் அவித்து விற்றே ராத்தாவுக்கு இந்த வீட்டைக் கட்டினா. என்னைக் கெம்பஸுக்கு அனுப்பினதும் அந்த இடியப்ப உரல்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். படம் சுவரில் தொங்குகிறது. வேலைதான் தொங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து அவள் வீட்டில் இருப்பார். மாப்பிள்ளையைக் கேட்டுப் போவதும் பெண் பக்கம்தான். உம்மா கட்டியது ஒரு வீடு. அது ராத்தாவின் பேருக்குப் போய்விட்டது. வீடில்லாத எனக்கு எந்த வாசலில் போய் மாப்பிள்ளை கேட்பது?

ஊர் உடனே வழி கண்டுபிடித்தது. மூத்தவள் இருந்த இடத்தில் சின்னவளை இருத்து. புள்ளைக்கு ஒரு உம்மா, வீட்டுக்கு ஒரு ஆம்பிள, எனக்கு ஒரு புரியன். எல்லாம் ஒரே சோற்றுப் பானையில் அவிந்துவிடும். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா சம்மாந்துறைக்குப் போய் மச்சானின் உம்மாவிடம் முறையாகக் கேட்க வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ராத்தா போனதிலிருந்து எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. ஆராவது கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினால் இருப்பேன். நிக்காஹ் மேடையிலும் அப்படியே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று அங்கிருந்து ஒரு சொல் வந்தது.

அதற்கு முன் லெப்டொப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா மௌத்தானபின் மச்சான் அதைக் கல்முனையில் ஒரு கடையில் கொடுத்துப் புதிதாக விண்டோஸ் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு சம்மாந்துறைக்குப் போய்த் தன் உம்மாவுக்குப் புள்ளையின் படங்களைக் காட்ட ராத்தாவின் போல்டரைத் திறந்தார். திறக்கவில்லை. ‘இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று திரையில் இங்கிலீசில் வந்தது. மச்சானின் உம்மா, எங்களுக்கு மாமி, விளக்கம் கேட்டா.

“புரியனுக்கு அனுமதி இல்லையா?” என்றா மாமி. அடுத்த நாளே அது பக்கத்து வளவுக்குப் போனது. ராத்தாவுக்குக் கத்தம் ஓதக் கூடின பெண்களுக்குள் கஞ்சிக் கோப்பையோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. புரியன் பார்க்கக் கூடாதென்று எதையோ பூட்டி வைத்துவிட்டு மௌத்தாப் போனவளாம். என்னவாக இருக்கும்? ஆருடைய படமாக இருக்கும்? கப்றின் மண் காயவில்லை, கேள்விகள் முளைத்துவிட்டன.

அந்த நாளிலிருந்து உம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

நேற்று வந்த சொல் இதுதான். “மூத்தவ புரியனுக்கே பூட்டுப் போட்டவ. சின்னவ கொம்பியூட்டரே படிச்சவ. கேட்டு வாங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா இவ கைபோனுக்குக்கூட லொக் போடமாட்டா எண்டு இவட உம்மா ஆசியா வாக்குத் தரணும்.”

உம்மா வாக்குத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டா.

அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். லொக் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விடியும் வரை கிடந்தேன். விடிந்ததும் எழும்பிப் போய்க் கேட்டுவிட்டேன்.

*

வெளிக்கிடும்போது ராத்தா வீட்டைப் பூட்டித் திறந்த திறப்புக் கோர்வையைத் தோள் பையில் போட்டேன். ஜனாஸா போன பிறகு உம்மா என் கையில் திணித்தது. முன்கதவுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, கூடவே நகம் அளவில் ஒரு சிவப்புப் பென்ட்ரைவ். வீட்டை நீ பார் என்று அர்த்தம்.

பஸ்ஸில் ஏறிக் கல்முனைக்குப் போனேன். கேதீஸ்வரன் அண்ணனின் கடை பெரிய தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பாண்டிருப்புக்காரர். வாயில் ஒரு ஸ்குரூ ஆணியைக் கடித்துக்கொண்டே கதைப்பார். பையைக் கண்டதும் ஆணியைத் துப்பினார்.

“ஆ, மசூர் சேர்ர லெப்டொப்! சார்ஜர் இஞ்சதான் கிடக்கு தங்கச்சி. கோல் எடுத்து எடுத்துக் களைச்சிப் போனன். வாறன் வாறன் எண்டுதான் சொல்றார், ஆளக் காணக் கிடைக்குதில்ல.”

“இதுக்கு என்ன செஞ்சீங்க அண்ணன்?”

“விண்டோஸ் செத்துப் போய்க் கிடந்தது. போட்டாலும் நீலத் திரை ஒண்டு வந்து நிண்டிரும். புதுசா அடிச்சிக் குடுத்தன். டீ டிரைவ்ல கை வைக்கவேயில்ல. ஆக்கள்ர படம் கிடக்கிற இடம், நான் தொடுவனா?”

“அதுக்குள்ள ஒரு போல்டர் திறக்குதில்லையாம்.”

“திறக்காதுதானே பிள்ள! புது விண்டோஸுக்குப் பழைய ஆளத் தெரியாது. பழைய ஆள்ர போல்டர் புதுசா வந்த ஆள உள்ள விடாது. நீங்க படிச்ச பிள்ள, உங்களுக்கு நான் சொல்லணுமே?”

சொல்ல வேண்டாம். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்துச் சொன்னதுதான்.

“சேருக்கும் அண்டைக்கே சொல்லிற்றன்.”

“எண்டைக்கு?”

“கொண்டு போன அண்டைக்கே, பின்னேரம். கோல் எடுத்துக் கேட்டவர். சேர், இது ஆரும் போட்ட பூட்டில்ல, புதுசா அடிச்சதால வந்தது, கொண்டு வாங்க, ஓனர்ர பேர மாத்தித் தாறன், ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் போதும் எண்டு சொன்னன். சேர்தான் ‘வேணாம் கேதீஸ், அப்பிடியே கிடக்கட்டும்’ எண்டிற்று வெச்சிற்றார்.”

சார்ஜரைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டி போட்டுத் தந்தார்.

“அந்தப் பிள்ளதானே எங்கட தங்கச்சிட கலியாண அழைப்புக் காட்டும் அடிச்சது. பிள்ளையார் படம் நல்லா இல்லெண்டு மூண்டு தரம் மாத்தித் தந்தது. ஐயோ, அத நினைச்சா…”

அவர் முகத்தைத் திருப்பி ஆணியைத் தேடினார். நான் அழவேண்டிய இடம் அது. நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

வழி முழுக்க ஒரே வசனம்தான். அண்டைக்கே. அண்டைக்கே தெரியும். மாமி அந்தக் கதையை முதல் ஆளுக்குச் சொன்னது அடுத்த நாள்.

*

உம்மா முட்டை அடித்துக்கொண்டிருந்தா. சம்மாந்துறைக்குக் கொண்டு போக வட்டிலப்பம். பாணி, தேங்காய்ப்பால், ஏலம், ஒரு வீட்டில் நல்ல காரியம் நடக்கப் போகிற வாசனை. ஸைனா மேசைக்குக் கீழே குந்தியிருந்து சார்ஜர் வயரை இழுத்தாள்.

“சாச்சி, இது உம்மாட.”

“ஓம் மனே. உம்மாட.”

“மூடி வெய் புள்ள,” என்றா உம்மா. “மச்சான் வாற நேரம்.”

“அவர் வரட்டுமெண்டுதான் இரிக்கன். அவர் இல்லாம தொடமாட்டன்.”

“ஒனக்கு வெளங்குதில்ல. நான் இரிக்கக்குள்ளயே ஒன்ன ஒரு ஆள்ட்ட புடிச்சிக் குடுக்கணும். ஒனக்கெண்டு ஒரு அறகூட நான் கட்டித் தரல்ல. எந்த மூஞ்சோட வேற எடத்துல போய்க் கேக்கிற?”

“நான் அறை கேட்டனா உம்மா?”

“கேக்காதது எனக்குத் தெரியும். அதான் நோவுது.”

முட்டை நுரைத்துப் பொங்கியது. உம்மா நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தா.

“றஸாக்கிட ஆட்டோ அஸரோட வரும். நீ ஒண்டும் செய்யத் தேவல்ல. சும்மா இரி. அது போதும்.”

சும்மாதான் இத்தனை மாதமாக இருந்தேன்.

*

பள்ளிக்கூடம் விட்டு மச்சான் வந்தார். மேசையில் லெப்டொப் திறந்திருந்ததைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

“கேதீஸ்வரன் அண்ணனக் கண்டன்,” என்றேன்.

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார்.

“சரி. இப்ப பாருங்க. உம்மா, நீங்களும் வாங்க.”

‘ஸம்றா’ என்ற போல்டரில் அழுத்தினேன். அந்தப் பெட்டி வந்தது. அனுமதி இல்லை.

“மாமி கண்டது இதத்தானே?”

“ஓம்.”

“மாமிக்கு இங்கிலீஸ் வராது. வாசிச்சிக் காட்டினது ஆரு?”

“நான்தான்,” என்றார் மச்சான்.

பாதுகாப்பு என்ற பக்கத்துக்குப் போய், அதற்குள் இன்னொரு பக்கத்துக்குப் போனேன். ‘ஓனர்’ என்ற சொல்லுக்கு நேரே பேர் இல்லை. ஒரு நீளமான இலக்கம். கோடு போட்டுக் கோடு போட்டு வரியின் கடைசி வரைக்கும் ஓடியது.

“என்ன புள்ள இது, போன் நம்பரா?” என்றா உம்மா.

“இதான் உம்மா ராத்தா. புதுசா விண்டோஸ் போடக்குள்ள அவட பேர் போயிட்டு. இந்த மெசினுக்கு அவ ஆரெண்டு இப்ப தெரியா. இந்த நம்பர் மட்டும் மிஞ்சியிரிக்கு. அவ பூட்டல்ல. அவ இல்ல, அதாலதான் திறக்குதில்ல.”

உம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து அந்த இலக்கத்தையே பார்த்தா. வாசிக்கிற மாதிரி உதடு அசைந்தது.

ஓனரை மாற்று என்று கொடுத்தேன். பேர் கேட்டது. இந்தப் புது விண்டோஸில் இருக்கிற பேர் ஒன்றே ஒன்றுதான். மசூர் என்று அடித்தேன். ராத்தாவின் இலக்கம் இருந்த இடத்தில் அவருடைய பேர் வந்து குந்தியது. உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இவரே ஓனர் என்று சொல்லும் பெட்டியில் சரி போட்டேன். கோப்புகளின் பேர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேகமாக ஓடின. பிறகு நின்றது.

போல்டரில் அழுத்தினேன். திறந்தது.

முழுக்கக் கலியாணக் காட். மருதமுனை, நற்பட்டிமுனை, காரைதீவு, வீரமுனை. பிறை போட்டது, பிள்ளையார் போட்டது. ஊரின் பாதிக் கலியாணம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அச்சுக்குத் தயாராகியிருக்கிறது. அதற்குக் கீழே ஸைனாவின் படங்கள். ஸைனாவின் தடுப்பூசி அட்டை. ஸைனா முதன்முதலாக பிஸ்மில்லாஹ் சொல்லுகிற குரல். அதை நான் போடவில்லை. போட்டிருந்தால் உம்மா விழுந்திருப்பா.

கடைசியில் ஒரு பெரிய போல்டர். ‘மசூர் சேர் பேப்பர்.’

திறந்தேன். தவணைப் பரீட்சை வினாத்தாள்கள். ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு. ஒவ்வொரு தவணையும். கேத்திர கணிதப் படங்களைக்கூடக் கோடு கோடாகக் கீறியிருந்தாள். மச்சான் கையால் எழுதிக் கொடுத்ததை எல்லாம் இவள்தான் புள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அடித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மசூர் சேரின் பேப்பர்தான் துப்புரவு என்று பேர்.

“இதையா என்ட புள்ள பூட்டி வெச்சா எண்டு சொன்னாங்க?” என்றா உம்மா. ஆரையும் பார்த்துக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டா.

மச்சான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கே தெரிஞ்சும் ஏன் மாமிக்குச் சொல்லல்ல மச்சான்?”

“சொல்லத்தான் இரிந்தன்.”

“ஏன் சொல்லல்ல?”

அவர் மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

“திறந்தா முடிஞ்சிரும் மச்சி. அது பூட்டிக் கிடக்கிற வரைக்கும் அவ எனக்கு என்னமோ மிச்சம் வெச்சிட்டுப் போயிரிக்கா எண்டு ஒரு நெனப்பு. திறந்து பாத்தா, அதோட அவ முடிஞ்சா.”

அது பொய்யில்லை. அவர் குரலில் தெரிந்தது. இன்னொரு நாளில் அந்த வசனம் என்னை அறுத்திருக்கும்.

“அது உங்கட மனசுக்கு. ராத்தாட பேருக்கு?”

“ஆரும் என்னட்டக் கேக்கல்லயே. உங்கட உம்மாவும் கேக்கல்ல. கத கொஞ்ச நாள்ல அடங்கிரும் எண்டு நெனச்சன். வீடும் அமைதியா இரிந்திச்சி.”

“மானம் போன ஆக்கள் சத்தம் போடமாட்டாங்க மச்சான். அதான் அமைதி.”

உம்மா “அப்னா” என்றா. வழக்கமாக என்னை அடக்குகிற குரல். ஆனால் இந்த முறை அடக்கவில்லை.

அப்போதுதான் மச்சானின் விரல் திரையை நோக்கி நீண்டது.

“அது என்ன?”

வினாத்தாள்களுக்கும் கீழே, ஒரு சின்ன போல்டர். பேர் இங்கிலீஸ் எழுத்தில் அடித்த தமிழ்ச் சொல். ‘எனக்கு.’ உள்ளே சில கோப்புகள். ஒவ்வொன்றின் மூலையிலும் அரிசி அளவில் ஒரு பூட்டுப் படம்.

அழுத்தினேன். திறக்கவில்லை.

எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. இது விண்டோஸ் மாறினதால் வந்த பூட்டில்லை. இதை ராத்தாதான் போட்டாள். எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்தவள் நான், கெம்பஸ் லீவில் வந்திருந்தபோது, இதே மேசையில். இப்படிப் பூட்டினால் ஓனரின் பேரை மாற்றியும் பலனில்லை. அதற்கென்று ஒரு திறப்பு பழைய விண்டோஸுக்குள் இருக்கும். விண்டோஸ் போனால் அதுவும் போய்விடும். வெளியே ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. அதையும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“இத அவதான் பூட்டினா,” என்றேன்.

உம்மா கதிரையைப் பிடித்தா. “யா அல்லாஹ். அப்ப பூட்டித்தான் இரிக்காளா?”

காலையிலிருந்து நான் கல்முனைக்கும் வீட்டுக்கும் ஓடினது, ராத்தா ஒன்றையும் பூட்டவில்லை என்று காட்டத்தான். காட்டிவிட்டேன் என்று நினைத்த இடத்தில் இது. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பழைய பயம் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மச்சானின் முகத்தையும் பார்த்தேன். மாமி அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி, இப்போது சத்தமில்லாமல்.

“ஓம் உம்மா, பூட்டினாதான். அதுக்கென்ன?”

“என்னகா அதுக்கென்ன எண்டு கேக்கிறாய்?”

“ஊர்ட கலியாணம் எல்லாம் திறந்து கிடக்கு. புரியன்ட பேப்பர் திறந்து கிடக்கு. புள்ளட ஊசி அட்ட திறந்து கிடக்கு. அவ்வளவுக்கும் கீழ ஒரு சின்ன போல்டர். பேரப் பாருங்க உம்மா. எனக்கு எண்டு போட்டிரிக்கா. ஒங்களுக்குமில்ல, மச்சானுக்குமில்ல, எனக்குமில்ல.”

“அத எப்பிடித் திறக்கிற?” என்றார் மச்சான்.

“திறப்பு வேணும்.”

“எங்க இரிக்கு?”

தோள் பை என் இடுப்பில் உரசிக்கொண்டிருந்தது. கோர்வையின் பாரம் தெரிந்தது.

“சொல்லமாட்டன்.”

“மச்சி, நான் அவட புரியன்.”

“ஓம் மச்சான். ஓனர் எண்டும் உங்கட பேர்தான் போட்டிரிக்கு. நான்தான் அடிச்சன், பாருங்க. அப்பிடியும் திறக்குதில்லதானே.”

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் உயரும் என்று நினைத்தேன். உயரவில்லை. இன்னும் தாழ்ந்துதான் போனது.

“நீங்க மாட்டன் எண்டா நான் இஞ்ச எந்த மொறையில இரிக்கிற? இது அவட வீடு. அவ இல்ல. புள்ளயும் நானும்…”

முடிக்கவில்லை. மேசைக்குக் கீழே ஸைனா ரப்பர் பட்டியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். உம்மாவின் கை தானாகக் கீழே போய்ப் புள்ளையின் தலையைத் தொட்டது. இத்தனை மாதமும் எங்கள் வாயை மூடி வைத்திருந்தது இந்த முடியாத வசனம்தான். இன்று அவர் அதைப் பாதி சொல்லிவிட்டார். மீதியை நான் இரந்து தடுப்பேன் என்று மூன்று பேரும் காத்திருந்தோம், நானும் உட்பட.

அஸர் பாங்கு சொன்னது. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கடப்பில் ஆட்டோ ஹோன் அடித்தது.

உம்மா அசையவில்லை. வட்டிலப்பம் நீராவியிலிருந்து இறக்கி மேசையில் இருந்தது, மேலே வெள்ளைத் துணி கட்டி. அதை அவ பார்க்கவும் இல்லை.

லெப்டொப்பை மூடிக் கறுப்புப் பைக்குள் வைத்தேன். சார்ஜரையும் சுற்றி வைத்தேன். தோள் பையிலிருந்து திறப்புக் கோர்வையை எடுத்தேன். வளையத்தை நகத்தால் நெம்பி அந்தச் சிவப்புப் பென்ட்ரைவைக் கழற்றி என் பேர்ஸுக்குள் போட்டு சிப்பை இழுத்தேன். மச்சானின் கண் அதோடு போனது. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கட்டும்.

கோர்வையை உம்மாவின் கையில் வைத்தேன். முன்கதவுத் திறப்பு, அலுமாரித் திறப்பு.

“இது ஒங்கட வீட்டுத் திறப்பு உம்மா. நீங்களே வெச்சிரிங்க.”

“எங்க புள்ள போறாய்?”

“சம்மாந்துறைக்கு.”

“கேக்கப் போறது என்ட வேல. பொண் போறல்ல.”

“நான் கேக்கப் போகல்ல.”

அபாயாவை மாட்டிக்கொண்டு ஷோலைச் சுற்றினேன். கண்ணாடி பார்க்கவில்லை. மச்சான் எழும்பினார்.

“என்ட உம்மாட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“இந்தப் போல்டரத் திறந்து பேப்பரக் காட்டுவன். பூட்டினது ஆரெண்டு சொல்லுவன். நீங்க வாசிச்சிக் காட்டினதையும் சொல்லுவன். கேதீஸ்வரன் அண்ணன் அண்டைக்கே சொன்னதையும் சொல்லுவன். கடைசியா, உங்கட மகன எங்களுக்கு வேணாமெண்டு சொல்லுவன்.”

“மத்த போல்டர்?”

“அதையும் மறைக்கமாட்டன். ஒண்டு பூட்டிக் கிடக்கு, அது அப்பிடியேதான் கிடக்கும் எண்டு சொல்லுவன். என்ட போனும் அப்பிடித்தான்.”

அவர் வாசலை மறித்து நிற்கவில்லை. அப்படிச் செய்கிற ஆளில்லை. ஒதுங்கி நின்றார். அவர் எப்போதும் ஒதுங்கித்தான் நின்றார், மாமி கதைக்கும்போதும், உம்மா குனிந்து நடக்கும்போதும்.

திரும்பி வந்து வட்டிலப்பப் பாத்திரத்தை எடுத்தேன்.

“அத ஏன் புள்ள?” என்றா உம்மா. குரல் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, எனக்குப் பேர் தெரியவில்லை.

“வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதெண்டு நீங்கதானே சொல்ற.”

கறுப்புப் பையைத் தோளில் மாட்டிச் செருப்பைப் போட்டேன். முற்றத்து மணல் கொதித்துக் கிடந்தது. றஸாக் காக்கா ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னையும் பாத்திரத்தையும் மாறிப் பார்த்தார். உம்மா வருவதாகத்தானே அவருக்குச் சொல்லியிருந்தது.

பாதி முற்றத்தில் கை சுட்டது. துணி நழுவியிருந்தது, பாத்திரத்தின் சூடு நேரே உள்ளங்கையில். நன்றாகச் சுட்டது. சுடுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

நான் இறக்கி வைக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு கடப்பைத் தாண்டினேன்.